மொழித் தேர்வும் மாணவர் முறையீடும்

கணக்குத் தாளில் மதிப்பெண் குறைந்த மாணவனுக்குத் தான் எங்கே தவறினோம் என்பது பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். மொழித் தாளின் நிலை அதுவன்று. கட்டுரை எழுதியிருப்பான், கடிதம் வரைந்திருப்பான், கொடுத்த பத்தியைப் படித்துத் தன் கருத்தைச் சொல்லியிருப்பான். பிழையின்றி எழுதக் கூடியவன் என்று அவனுடைய ஆசிரியரே சான்று பகர்வார். ஆயினும் எதிர்பார்த்த மதிப்பெண் வந்திராது. “ஏன்?” என்று அவன் கேட்டால் விடை சொல்வார் எவரும் இரார்.

அந்த “ஏன்?” என்னும் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. மாணவன் தேர்வாளரைக் கேள்வி கேட்கலாமா? கேட்பதாயின் யாரிடம் கேட்பது? கேட்டதற்குக் காரணம் கூறும் கடமை எவருக்கேனும் உண்டா? இவ்வினாக்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக எழுந்து வந்துள்ளன. அவற்றுக்கெல்லாம் சிகரம் வைத்தாற்போல், 2012ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பதினாறு வயது மாணவர்கள் தங்களுடைய ஆங்கிலத் தேர்வின் தரத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் படிகளையே ஏறினர். அந்த வரலாற்றை நம் இல்லங்களிலுள்ள பெற்றோரும் மாணவரும் அறிந்து வைத்திருப்பது நலம் என்று கருதியே இக்கட்டுரையை வரைகின்றோம்.

இருபத்தெண்மரும் ஒரு தாளும்

இன்று நாம் அறிந்துள்ள தேர்வு முறை இங்கிலாந்திலிருந்து நமக்கு வந்து சேர்ந்தது. 1836இல் இலண்டன் பல்கலைக்கழகம் சாசனம் பெற்றது. அதனை முன்மாதிரியாகக் கொண்டே 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அதற்கடுத்த ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் பள்ளி மாணவர்களுக்கென வெளியூர்த் தேர்வுகளை நடத்தத் தொடங்கின. எழுதியவன் யாரென்று அறியாத ஒருவர் விடைத்தாளை மதிப்பிடுவார். ஆகவே குலமும் செல்வமும் பரிந்துரையும் அங்கே செல்லா என்பதுதான் இம்முறைக்குக் கிடைத்த பெரும் பாராட்டு. அந்தப் பாராட்டில் உண்மையும் இருந்தது.

ஆனால் மாணவனின் முகத்தை மறைத்துவிட்டால் மட்டும் போதுமா? மதிப்பிடுகின்றவரும் மனிதர்தாமே! ஒருவர் கைக்கும் மற்றொருவர் கைக்கும் வேறுபாடு இராதா? இந்த ஐயத்தை எண்களைக் கொண்டு ஆராய்ந்தவர் எஜ்வொர்த் என்னும் பொருளியல் அறிஞர். அயர்லாந்தில் பிறந்து, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக விளங்கியவர் அவர். இலத்தீன் மொழியில் எழுதப்பட்ட ஓர் உரைநடைப் பயிற்சியைத் தகுதி வாய்ந்த 28 பேர் தனித்தனியே மதிப்பிட்டனர். 1888இல் அவர் அம்முடிவை வெளியிட்டார். ஒருவர் அத்தாளுக்கு 45 மதிப்பெண் வழங்கியிருந்தார். இன்னொருவர் 100 வழங்கியிருந்தார்! ஏனையோர் இவ்விரண்டுக்கும் இடையே பரவி நின்றனர். தாள் ஒன்று, மொழி ஒன்று, மதிப்பிட்டோர் அனைவரும் கற்றறிந்தோர். அம்மாணவன் தேறியவனா, தவறியவனா என்பது அவன் தாள் எவர் மேசைக்குச் சென்றது என்பதைப் பொறுத்ததாயிற்று.

1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் ஆங்கில விடைத்தாள்கள் இரண்டை 142 ஆசிரியர்களைக் கொண்டு மதிப்பிடச் செய்தனர். அவற்றுள் ஒரு தாள் ஒருவரிடம் 64 பெற்றது. மற்றொருவரிடம் 98 பெற்றது.

டாக்காவின் முதல் துணைவேந்தர்

இத்துறையில் நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரும் உண்டு. அவரே சர் ஃபிலிப் ஹார்டாக். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக 1920 முதல் 1925 வரை பணியாற்றியவர் அவர். இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்து 1929இல் அறிக்கை அளித்த குழுவுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. தாயகம் திரும்பிய பின்னர் ரோட்ஸ் என்பவருடன் சேர்ந்து தேர்வுகளைப் பற்றிய ஆய்வொன்றை நடத்தி 1935இல் வெளியிட்டார்.

முன்னரே ஒரே அளவு மதிப்பெண் பெற்றிருந்த 15 வரலாற்று விடைத்தாள்கள் 14 தேர்வாளர்களிடம் வழங்கப்பெற்றன. ஓராண்டுக்கு மேல் கழிந்த பின்னர் அதே தாள்கள் அதே தேர்வாளர்களிடமே மீண்டும் கொடுக்கப்பெற்றன. மொத்தம் 210 தீர்ப்புகளில் 92, இரண்டாம் முறை மாறிவிட்டன! ஒருவருக்கும் மற்றொருவருக்கும் உள்ள வேறுபாடு மட்டுமன்று. தமக்கும் தமக்குமே அத்தேர்வாளர்கள் வேறுபட்டனர். வரலாறும் மொழியைப் போலவே கட்டுரையாய் எழுதப்படும் பாடமாதலின், இம்முடிவு மொழித் தாளுக்கும் பொருந்துவதேயாகும்.

இவ்வாய்வுகளைக் கொண்டு தேர்வே பொய் என்று முடிவு கட்டிவிடலாகாது. தேர்வாளர் எவரும் வஞ்சகர் அல்லர். எழுத்தின் தரத்தைத் தராசில் நிறுக்க இயலாது என்பதே இவை உணர்த்தும் பாடம். இதன் பயனாகவே, தேர்வாளர்களை ஒன்றுகூட்டி மாதிரித் தாள்களைக் கொண்டு பயிற்றுவித்தல், தலைமைத் தேர்வாளர் சரிபார்த்தல், மாணவன் கேட்டால் மறுமதிப்பீடு செய்தல் ஆகிய முறைகள் வலுப்பெற்று வளர்ந்தன.

2012, ஆகஸ்ட் 23

இங்கிலாந்தில் பதினாறாம் வயதில் மாணவர் எழுதும் பொதுத் தேர்வு ஜி.சி.எஸ்.இ. எனப்படும். 1988 முதல் அது நடைபெற்று வருகிறது. அந்நாளில் அதன் தரங்கள் எழுத்துகளால் குறிக்கப்பட்டன. அவற்றுள் ‘சி’ என்னும் தரமே வாழ்க்கையின் வாயிற்படியாக விளங்கியது. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ‘சி’ பெற்றவனுக்கு மேற்படிப்பும் தொழிற்பயிற்சியும் திறந்த கதவுகள். ‘டி’ பெற்றவனுக்கு அவற்றுள் பல அடைத்த கதவுகள். பள்ளிகளுக்கும் அதுவே அளவுகோல். ஆங்கிலமும் கணிதமும் உள்ளிட்ட ஐந்து பாடங்களில் ‘சி’ அல்லது அதற்கு மேற்பட்ட தரம் பெற்றோர் 40 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அரசின் தலையீட்டுக்கு அப்பள்ளி ஆளாக நேரும் என்பது 2012ஆம் ஆண்டின் நிலை.

அவ்வாண்டு ஆங்கிலத் தேர்வு புதிய அமைப்பில் நடந்தது. பாடம் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 60 விழுக்காடு மதிப்பெண் பள்ளியிலேயே எழுதி ஆசிரியரே மதிப்பிடும் பகுதிக்கு. எஞ்சிய 40 விழுக்காடு வெளித் தேர்வுக்கு. அவ்வெளித் தேர்வை ஜனவரியிலும் எழுதலாம், ஜூனிலும் எழுதலாம். மதிப்பெண் இடப்பட்ட பின்னர், எத்தனை மதிப்பெண்ணுக்கு எந்தத் தரம் என்னும் எல்லையை ஒவ்வொரு பருவத்திலும் தேர்வு வாரியம் வகுக்கும்.

தொல்லை இங்கேதான் பிறந்தது. ஏ.கியூ.ஏ. என்னும் பெரிய வாரியத்தின் அடிப்படை நிலைத் தாளில் ‘சி’ தரத்துக்கு ஜனவரியில் 80க்கு 43 மதிப்பெண் போதுமானதாயிருந்தது. ஜூனிலோ 53 தேவைப்பட்டது. அடிப்படை நிலைத் தாளை எழுதுவோர் ‘சி’க்கு மேல் பெறவே இயலாது. அவர்களுக்கு அதுவே உச்சி. படிப்பில் பின்தங்கியிருந்து, ஓராண்டு முழுதும் முயன்று அவ்வுச்சியை எட்டிப் பிடிக்கும் வேளையில், உச்சி பத்துப் படி உயர்ந்துவிட்டது!

ஆகஸ்ட் 23ஆம் நாள் முடிவுகள் வெளியாயின. அனைத்துப் பாடங்களிலும் சேர்த்து ‘சி’யும் அதற்கு மேலும் பெற்றோர் விகிதம் 69.8 விழுக்காட்டிலிருந்து 69.4 ஆகக் குறைந்தது. ஜி.சி.எஸ்.இ.யின் வரலாற்றில் அவ்விகிதம் சரிந்தது அதுவே முதன்முறை. ஆங்கிலத்தில் 65.4 விழுக்காட்டிலிருந்து 63.9 ஆயிற்று. ஏட்டில் பார்ப்போர்க்கு இது சிறு எண். ஒரே வகுப்பில் ஒரே ஆசிரியரிடம் படித்த இருவருள், ஜனவரியில் எழுதியவன் ‘சி’யும், அதே தரத்தில் ஜூனில் எழுதியவன் ‘டி’யும் பெற்று நின்ற பள்ளிகளுக்கோ அது சிறு எண்ணாகத் தோன்றவில்லை.

மறுமதிப்பீடு ஏன் உதவவில்லை?

வழக்கமான முறையீட்டு வழி அந்நாட்டில் முன்பே இருந்தது. கூட்டலைச் சரிபார்க்கக் கோரலாம். தாளை மீண்டும் மதிப்பிடக் கோரலாம். அதிலும் மனநிறைவு இல்லையெனில் வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம். பள்ளியின் வாயிலாகவே இதனைச் செய்தல் வேண்டும். கட்டணமும் உண்டு, தரம் மாறினால் அது திருப்பித் தரப்படும். மதிப்பெண் உயரவும் கூடும், குறையவும் கூடும்.

ஆனால் இம்முறை அவ்வழி பயன்படவில்லை. ஏனெனில் மாணவனின் தாள் பிழையாக மதிப்பிடப்பட்டது என்பதன்று வழக்கு. அவன் 80க்கு 50 பெற்றிருந்தால், அது உரிய 50ஆகவே இருக்கலாம். மாறியது மதிப்பெண் அன்று. மதிப்பெண்ணைத் தரமாக மாற்றும் கோடு. தாளை எத்தனை முறை திருத்தினாலும் கோடு நகராதல்லவா?

தேர்வுகளைக் கண்காணிக்கும் ஆஃப்குவல் என்னும் அமைப்பு ஆகஸ்ட் மாத இறுதியில் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. ஜூன் மாத எல்லையே சரியானது. ஜனவரியில்தான் தாராளமாகத் தரம் வழங்கப்பட்டுவிட்டது என்று அது கூறிற்று. ஜனவரியில் வழங்கியதைத் திரும்பப் பெறுவதில்லை. ஜூனில் எழுதியோர் விரும்பினால் நவம்பரில் மீண்டும் எழுதலாம் என்றும் முடிவு செய்யப்பட்டது. நவம்பரில் வெளிவந்த இரண்டாம் அறிக்கை, ஆசிரியர்கள் தாம் மதிப்பிட்ட பகுதியில் மிகத் தாராளமாக மதிப்பெண் இட்டனர் என்று குறை கூறிற்று. பள்ளிகளின் மீதிருந்த நெருக்கடி அதற்குக் காரணம் என்பதையும் எடுத்துக் காட்டிற்று. இதற்கிடையே, முடிவுகள் வெளியாவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்னர் எடெக்ஸெல் என்னும் மற்றொரு வாரியத்தை எல்லையை உயர்த்துமாறு ஆஃப்குவல் வற்புறுத்திய கடிதங்களும் செய்தித்தாள்களில் வெளிவந்தன. ஐயம் மேலும் வலுத்தது.

ஒரே தாள், இரு நாடு

பக்கத்திலுள்ள வேல்ஸ் நாட்டில் நடந்தது வேறு. அங்கே தேர்வைக் கண்காணிக்கும் பொறுப்பு அரசிடமே இருந்தது. கல்வி அமைச்சர் லெய்டன் ஆண்ட்ரூஸ், வேல்ஸ் மாணவர்களின் ஆங்கிலத் தரங்களை மீண்டும் கணிக்குமாறு செப்டம்பரில் ஆணையிட்டார். அதன்படி 2,386 மாணவர்களின் தரம் உயர்ந்தது. அவர்களுள் ‘டி’யிலிருந்து ‘சி’க்கு ஏறியோர் 1,202 பேர்.

அதே வாரியத்தின் அதே தாளை எழுதிய இங்கிலாந்து மாணவர்களுக்கு அந்த உயர்வு கிடைக்கவில்லை. எல்லைக்கு இப்பால் ஒரு தரம். அப்பால் ஒரு தரம். ஆற்றின் இரு கரையில் நின்று ஒரே நீரை முகந்தோர்க்கு ஒரு கரையில் இனிப்பும் மறுகரையில் உவர்ப்பும் என்றாற்போல் ஆயிற்று.

நீதிமன்றத்தில்

இனி நீதிமன்றமே துணை என்று கருதி 167 மாணவர்களும் 150 பள்ளிகளும் 42 உள்ளாட்சி மன்றங்களும் ஒன்றுசேர்ந்து வழக்குத் தொடுத்தனர். ஆசிரியர் அமைப்புகளும் உடன் நின்றன. வாரியங்கள் இரண்டும் ஆஃப்குவலும் எதிர்வாதிகள். ஒரே ஆண்டில் ஒரே தேர்வை எழுதியோரை இரு வகையாக நடத்துவது முறைகேடு. அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகும் என்பது மாணவர் தரப்பு. தேர்வின் தரத்தை ஆண்டுக்கு ஆண்டு ஒன்றுபோல் காப்பது எங்கள் கடமை என்பது எதிர்த்தரப்பு. 2012 டிசம்பரில் விசாரணை நடைபெற்றது.

2013 பிப்ரவரி 13ஆம் நாள் நீதிபதி எலியாஸ், நீதிபதி ஷார்ப் ஆகியோர் தீர்ப்பளித்தனர். வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது. ஆயினும் அத்தீர்ப்பின் உட்பொருளை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். மாணவர்களுக்கு நியாயக் குறைவு எதுவுமே நேரவில்லை என்று நீதிமன்றம் கூறவில்லை. நேர்ந்த குறைக்குக் காரணம் அத்தேர்வின் அமைப்பே. வாரியங்களோ ஆஃப்குவலோ சட்டத்துக்குப் புறம்பாக எதனையும் செய்துவிடவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். ஜனவரியில் நேர்ந்த தாராளத்தை ஜூனிலும் தொடர்ந்திருந்தால், முந்திய ஆண்டுகளிலும் பிந்திய ஆண்டுகளிலும் எழுதுவோர்க்கு அநீதியாயிருக்கும் என்னும் வாதம் ஏற்கப்பட்டது.

ஆம்! எவரும் குற்றம் செய்யாமலேயே ஒரு மாணவனுக்கு அநீதி நேரக் கூடும். இந்த வரலாறு முழுவதிலும் நம் நெஞ்சை நெருடுவது இதுவே. தண்டிப்பதற்குக் குற்றவாளி இல்லை. ஆனால் துன்பம் அடைந்தவன் கண்முன் நிற்கின்றான்.

வழக்கில் தோற்றாலும் அம்மாணவர்கள் எழுப்பிய வினா வீண்போகவில்லை. எந்த அமைப்பைத் தீர்ப்பு குறைகூறிற்றோ, அந்த அமைப்பு நீடிக்கவில்லை. 2015இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் ஆங்கிலத் தேர்வு பகுதி பகுதியாக அன்றி இறுதியில் ஒரே முறையாக நடக்கும்படி செய்யப்பட்டது. பள்ளியில் எழுதி ஆசிரியர் மதிப்பிடும் பகுதி நீக்கப்பட்டது. 2017 முதல் அத்தேர்வின் தரங்கள் எழுத்துகளுக்கு மாறாக 9 முதல் 1 வரையுள்ள எண்களாயின. இதிலும் இழப்பு உண்டு. ஓராண்டு முழுதும் உழைத்த உழைப்பை இரண்டு நாள் தேர்வு அளந்துவிடுமா என்று கேட்போர் கேட்டுக்கொண்டே இருக்கின்றனர்.

முறையீட்டு விதியும் இறுகிற்று. 2016 முதல், மதிப்பிட்டவர் பிழை செய்திருந்தால் மட்டுமே மதிப்பெண்ணை மாற்றலாம். இரண்டாமவர் வேறு கருத்துக் கொண்டார் என்பதற்காக மாற்றலாகாது என்பது விதி. அதே ஆஃப்குவல் 2018இல் வெளியிட்ட ஆய்வோ, தலைமைத் தேர்வாளர் வழங்கக் கூடிய தரமே மாணவனுக்குக் கிடைக்கும் வாய்ப்பு கணிதத்தில் 96 விழுக்காடு அளவிலும், ஆங்கிலத்தில் 60 விழுக்காடு அளவிலும் இருப்பதைக் காட்டிற்று. எஜ்வொர்த் கண்ட இடைவெளி 130 ஆண்டுகளில் குறுகியிருக்கிறது, மறைந்துவிடவில்லை.

நம் நாட்டின் நிலை

இதே வினா நம் நாட்டிலும் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. விடைத்தாளைப் பார்க்கவும் மறுமதிப்பீடு கோரவும் தங்களுக்கு உரிமை வேண்டுமென மகாராஷ்டிர மாணவர்கள் தொடுத்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 1984இல் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி, வாரியத்தின் விதிகள் இடம் தராதபோது அத்தகைய உரிமை இல்லை என்று கூறிவிட்டது. தேர்வுக்கு ஒரு முடிவு வேண்டும். இலட்சக்கணக்கானோர் தாள்களைத் திறந்து காட்டுவது இயலாது என்பது அதன் கருத்து.

ஆண்டுகள் பல கழிந்தன. 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின்படி தன் விடைத்தாளைக் காட்டுமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தை ஒரு மாணவர் கேட்டார். 2011 ஆகஸ்ட் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மதிப்பிடப்பட்ட விடைத்தாளும் ‘தகவல்’தான், அதனைப் பார்க்கவும் படி எடுக்கவும் எழுதியவனுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. தேர்வாளரின் பெயரை வெளியிடலாகாது என்று அவரையும் காத்தது. மறுமதிப்பீடு செய்தே ஆக வேண்டும் என்னும் உரிமையை அத்தீர்ப்பு அளிக்கவில்லை. ஆனால் தன் கையெழுத்தையும் அதன்மேல் விழுந்த சிவப்பு மையையும் கண்ணால் காணும் உரிமையை அளித்தது. தமிழகத்தில் மேனிலை இரண்டாம் ஆண்டுத் தேர்வு எழுதியோர், விடைத்தாளின் நகலைப் பெற்று, அதன் பின்னர் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கோரும் வழி இன்று இருக்கின்றது.

நாம் கொள்ள வேண்டியது

இவ்வரலாறு நம் குடும்பங்களுக்குக் கூறுவது யாது? மொழித் தாளில் மதிப்பெண் குறைந்துவிட்டது என்று மகனோ மகளோ வாடி வந்து நிற்கும்போது, “நீ படிக்கவில்லை” என்னும் தீர்ப்பை உடனே வழங்கிவிடாதீர்கள். அந்த எண்ணில் பிள்ளையின் உழைப்பு இருக்கிறது. மதிப்பிட்டவரின் கண்ணோட்டமும் இருக்கிறது. எவரோ எங்கோ வகுத்த ஒரு கோடும் இருக்கிறது. எது எவ்வளவு என்பதை அறியாமல் பிள்ளையை ஒடுக்குவது நீதியாகாது.

அதேபோல், “எவரோ வேண்டுமென்றே குறைத்துவிட்டனர்” என்று பழி சுமத்துவதும் முறையன்று. முதலில் விடைத்தாளின் நகலைப் பெறுங்கள். பாடம் கற்பித்த ஆசிரியரிடம் காட்டுங்கள். விடப்பட்ட விடை உண்டா, கூட்டலில் பிழை உண்டா, மதிப்பீட்டு விதிக்கு மாறாக ஏதேனும் நிகழ்ந்துள்ளதா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். காரணம் இருப்பின் குறித்த நாளுக்குள் விண்ணப்பியுங்கள். நாள் தவறினால் நியாயமும் தவறிப்போகும். மதிப்பெண் குறையவும் கூடும் என்பதைப் பிள்ளைக்கு முன்னதாகவே எடுத்துரையுங்கள். காரணம் இல்லையெனில், எங்கே குறை என்பதை அத்தாளைக் கொண்டே கற்றுக் கொள்ளட்டும். அதுவும் ஓர் ஆதாயமே.

இங்கே இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. இவ்வழிகளை அறிந்தோரும் கட்டணம் செலுத்த வல்லோருமே பெரும்பாலும் பயன் பெறுகின்றனர். வீட்டில் முதன்முதலாகப் பள்ளி இறுதி வரை வந்த பிள்ளைக்கு, முறையிடலாம் என்பதே தெரியாமற் போகின்றது. ஊர்தோறும் படித்த இளைஞர் சிலர் முடிவு வெளியாகும் நாட்களில் இப்பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதித் தந்து, கட்டணத்துக்கும் உதவுவார்களாயின் அது பெரிய தொண்டாகும்.

1888இல் அந்த இலத்தீன் தாளை எழுதியவனின் பெயர் எவருக்கும் நினைவில் இல்லை. 45க்கும் 100க்கும் இடையில் எந்த எண்ணுக்கு அவன் உரியவன் என்பதையும் எவரும் அறியார். ஆனால் இருபத்தெண்மர் அதனை மதிப்பிட்டதால்தான், ஒருவர் இட்ட எண்ணே முடிவான எண் அன்று என்பதை உலகம் அறிந்தது. நம் பிள்ளையின் தாளைப் பார்ப்பவர் ஒருவரே. ஆகவே, தக்க காரணம் இருப்பின் இரண்டாம் முறை பார்க்கும்படி பணிவோடு கேட்பது குற்றமாகாது. தேர்வுக்கு அது இழிவுமாகாது.